எக்பெர்டோ ஜிஸ்மாண்டியின் 'சிர்சென்சே': அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன ஆல்பம்?

பிரேசில் இசையமைப்பாளர் எக்பெர்டோ ஜிஸ்மாண்டி 1980இல் வெளியிட்ட இசைத்தட்டு. வெளியிட்டது ஈ.எம்.ஐ-ஓடியன் நிறுவனத்தின் பிரேசில் கிளை. 'சிர்சென்சே' என்றால் சர்க்கஸ் சார்ந்தது, சர்க்கஸ்காரர் என்று பொருள். மொத்தம் எட்டு உருப்படிகள், பெரும்பாலும் வாத்திய இசை. பின்னாளில் ஜிஸ்மாண்டி தம் சொந்த நிறுவனமான 'கார்மோ' வழியாக இதை மறுபடி கொண்டுவந்தார். ரியோ டி ஜெனிரோ மாநிலத்தில் அவர் 1947இல் பிறந்த சிற்றூரின் பெயரும் கார்மோதான்.

தமிழர்கள் இந்தத் தட்டைத் தேடிப் போவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டாவது உருப்படியில் ஷங்கர் என்பவர் வாசிக்கும் வயலின். அதைப் பற்றித் தனியாகக் கீழே எழுதியிருக்கிறோம்.

ஜாஸ் இசைக்கும் சர்க்கஸுக்கும் என்ன சம்பந்தம்?

பிரேசிலில் இந்தச் சம்பந்தம் மிகப் பழையது. ரேடியோ வருவதற்கு முன்பு உள்நாட்டுச் சிற்றூர்களுக்குப் புதுப் பாட்டுகளைக் கொண்டுபோனது கூடாரம் கட்டிச் சுற்றிய சர்க்கஸ்தான். அங்கே கோமாளி என்றால் குட்டிக்கரணம் மட்டும் போடுபவர் அல்ல. கிட்டாரோடு மேடையேறிப் பாடுவதும் அவர் வேலை. எதுவார்தோ தாஸ் நெவெஸ் (1874–1919) அப்படிப்பட்ட கோமாளிப் பாடகர். ரியோவில் 'காசா எடிசன்' என்ற கடை 1902இல் பிரேசிலின் முதல் இசைத்தட்டுகளை வெளியிடத் தொடங்கியபோது, ஆரம்பத்திலேயே அங்கே பாடிப் பதிந்தவர்களில் அவரும் ஒருவர். பெஞ்சமிம் டி ஒலிவெய்ரா (1870–1954) அடிமைப் பெண்ணுக்குப் பிறந்து, பன்னிரண்டு வயதில் ஒரு சர்க்கஸோடு ஓடிப்போய், கோமாளியாகவும் பாடகராகவும் நாடக ஆசிரியராகவும் பேர் வாங்கினார். முற்பாதியில் வித்தை, பிற்பாதியில் நாடகம் என்று நடக்கும் 'சிர்கோ-தியாத்ரோ' அவரால்தான் பெரிதாக வளர்ந்தது. பியோலின் என்ற கோமாளி பிறந்த மார்ச் 27 இன்றைக்கும் அந்நாட்டில் சர்க்கஸ் தினம்.

ரேடியோ வந்த பிறகும் இது நின்றுபோகவில்லை. நாட்டுப்புற ஜோடிப் பாடகர்கள் பலருக்குக் கூடாரமே நிலையான மேடையாக இருந்தது. சிற்றூரில் பிறந்த ஒருவர் சர்க்கஸைப் பற்றி இசையமைத்தால், தம் ஊருக்கு இசை வந்த வழியைப் பற்றி இசையமைக்கிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். தட்டை அப்படிக் கேட்டால்தான் பிடி கிடைக்கும்.

போட்டுக் கேட்டேன். சர்க்கஸ் பேண்டு சத்தமே அவ்வளவாக இல்லையே?

நம் காதில் 'சர்க்கஸ் இசை' என்று பதிந்திருப்பது ஐரோப்பியச் சரக்கு. செக் நாட்டு இராணுவ பேண்டு மாஸ்டர் யூலியுஸ் ஃபூச்சிக் 1897இல் எழுதிய அணிநடை ஒன்றைத்தான் உலகம் முழுக்க சர்க்கஸ் மெட்டாக வாசித்தார்கள். மூல வேகத்தைவிட விரட்டி வாசித்ததால் கோமாளி மெட்டாகவே ஆகிவிட்டது. ஜிஸ்மாண்டி அந்தப் பக்கம் போகவில்லை. வளையத்துக்குள் நிற்கும் ஒவ்வொருவரையும் எடுத்து, அவருடைய உடலசைவை இசையாக்குகிறார். கம்பியில் நடப்பவருக்கு நிலை தடுமாறும் தாளம், வித்தைக்காரருக்குக் கண்ணெதிரே மாறிப்போகும் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்), கோமாளிக்கு மெதுவான, நேரான ஒரு மெட்டு. டிரம்பெட் முழக்கத்தை எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாற்றம்தான்.

எட்டு உருப்படிகளும் என்னென்ன?

முதலில் 'கராத்தே'. பியானோவும் குழல் வாத்தியமும் ஒரே வேகமான வரியை ஒட்டிக்கொண்டு ஓடும், திடீரென்று நிற்கும், மறுபடி ஓடும். ரியோவின் பழைய 'ஷோரோ' இசைக்காரர்களின் விரல்வேகமும், ரெசிஃபே நகரக் கார்னிவலின் 'ஃப்ரேவோ' அணிநடையின் துள்ளலும் இதில் உண்டு. முதல் தடவை கேட்கையில் எங்கே நிற்கிறது என்று எண்ணாதீர்கள், எண்ணிக்கை நழுவும். மூன்றாவது தடவை தானாகப் பிடிபடும்.

அடுத்து 'செகோ அடெரால்டோ', வயலின் வரும் உருப்படி. அதன் பிறகு 'மாஜிகோ', அதாவது வித்தைக்காரர். பிறகு 'பல்யாசோ', கோமாளி. ஜிஸ்மாண்டியின் மெட்டுகளில் உலகெங்கும் அதிகம் வாசிக்கப்படுபவற்றில் இது ஒன்று. கவிஞர் ஜெரால்டோ கார்னெய்ரோ இதற்கு வரிகளும் எழுதியிருக்கிறார்.

'தா போவா, சான்தா?' என்பது பேச்சுவழக்கில் நலம் விசாரிக்கும் குறும்புத் தொடர். 'எகிலிப்ரிஸ்தா' கம்பி மேல் நடப்பவர். 'சிரான்டா' என்பது பெர்னாம்புகோ மாநிலக் கடற்கரையில் கைகோத்து வட்டமாக ஆடும் ஆட்டம். நாலு அடியில் முதல் அடி மட்டும் பெரிய முரசில் கனமாக விழும், வட்டம் மொத்தமும் அந்த அடியில் உள்ளே சாயும். சர்க்கஸ் வளையமும் வட்டம், இதுவும் வட்டம். தட்டில் இதற்கு இடம் கிடைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கடைசியாக 'மைஸ் கெ அ பைஷாவ்ம்', பாடல். வரிகள் ஜோவாவ்ம் கார்லோஸ் பாதுவா.

வயலின் வாசிக்கும் ஷங்கர் யார்? ரவி ஷங்கரா?

இல்லை. இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது, ஏனென்றால் 'ஷங்கர்' என்ற ஒற்றைப் பெயராலேயே அவர் பரவலாக அறியப்பட்டார். இவர் எல். ஷங்கர். 1950இல் சென்னையில் பிறந்தவர், இளமை யாழ்ப்பாணத்தில் கழிந்தது. தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசைக் கல்லூரிப் பேராசிரியராக இருந்தார். வயலின் மேதை எல். சுப்பிரமணியமும் இசையமைப்பாளர் எல். வைத்தியநாதனும் இவருடைய அண்ணன்மார்.

1970களின் நடுவில் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின், ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயகராம் ஆகியோரோடு 'சக்தி' குழுவில் வாசித்து உலகப் பெயர் வாங்கினார். 'சிர்சென்சே' வந்தது அந்தக் குழு கலைந்த சில ஆண்டுகளுக்குள். பிற்காலத் தட்டுகள் சிலவற்றில் பெயரை 'ஷெங்கர்' என்று மாற்றி எழுதியிருப்பார், தேடும்போது இரண்டையும் போட்டுப் பாருங்கள்.

பிரேசில் நாட்டுப்புறப் பாடகர் ஒருவரைப் பற்றிய உருப்படியில் கர்நாடக வயலின் ஏன்?

முதலில் அடெரால்டோ. 1878இல் சியரா மாநிலத்தின் கிராட்டோ ஊரில் பிறந்து 1967இல் மறைந்த கண்பார்வையற்ற பாணர். வறண்ட வடகிழக்கின் 'ரெபென்திஸ்தா' மரபைச் சேர்ந்தவர். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, கொடுத்த பொருளில் அந்த இடத்திலேயே செய்யுள் கட்டி ஒருவரையொருவர் மடக்கும் பாட்டு அது. அதிகம் புழங்கும் யாப்பு ஆறடி, அடிக்கு ஏழு அசை, இரண்டாம், நான்காம், ஆறாம் அடிகளில் இயைபு. தனிப்பாடல் திரட்டில் இரட்டைப்புலவர் கதை படித்தவர்களுக்கு இந்தக் களம் உடனே புரிந்துவிடும்.

அந்த மண்ணின் இசையில் 'ரபெகா' என்ற வாத்தியம் உண்டு. நாட்டு வயலின், கரகரப்பான, மூக்கால் பேசுவது போன்ற ஓசை. வயலினைக் கொண்டுவந்தால் அதன் சாயல் தானாக வரும். ஆனால் ஐரோப்பியப் பாணியில் பயின்றவர் வாசித்தால் ஓசை பளபளத்துவிடும். சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிப் போவதும், ஒரே சுரத்தைச் சுற்றிச் சுற்றி வருவதும் கர்நாடகக் கைக்கு இயல்பு. ரபெகாவுக்கும் அதுதான் இயல்பு.

இன்னொன்று சுரவரிசை. வடகிழக்கு பிரேசில் இசையில் இரண்டு வரிசைகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று நம் 28ஆவது மேளமான ஹரிகாம்போதியின் சுரங்கள் (பழந்தமிழ் இசையில் செம்பாலை). மற்றொன்று அதிலேயே மத்திமத்தை மட்டும் பிரதி மத்திமமாக மாற்றியது, அதாவது 64ஆவது மேளம் வாசஸ்பதி. சுத்த மத்திமமும் பிரதி மத்திமமும் ஒரே பாட்டில் மாறி மாறி வருவதும் உண்டு. ஆகவே ஷங்கருக்கு அந்நியமான இடம் அல்ல இது. ஆனால் ராக ஆலாபனையை எதிர்பார்க்காதீர்கள். கீழே கிட்டார் ஒரே வட்டத்தைச் சுழற்றிக்கொண்டிருக்க, வயலின் அதன் மேல் எழும்பி வேகம் கூட்டுகிறது. எங்கள் கருத்தில் தட்டின் உச்சம் இதுதான். 1980க்கு முன் வந்த இந்திய-மேற்கத்தியக் கூட்டுகள் பலவற்றில் இரண்டு பக்கமும் விருந்தாளி மரியாதையோடு ஒதுங்கி நிற்கும். இதில் அந்த ஒதுக்கம் இல்லை.

தாளத்தை எப்படிப் பிடிப்பது?

வடகிழக்கின் அடிப்படை நடை 'பையாவ்ம்'. எட்டு சிற்றெண்ணிக்கை, 3+3+2 பிரிவு. வாயால் சொல்ல 'தகிட தகிட தக' போதும். அழுத்தம் 1, 4, 7இல் விழும். 'ஜாபும்பா' என்ற தட்டையான பெருமுரசில் ஒரு கையில் கனமான குச்சியால் மேல்தோலில் இந்த அடிகளைப் போடுவார்கள். முதல் அடியை அமுக்கி, நாலாவதைத் திறந்து அதிரவிடுவது வழக்கம். மறுகையில் மெல்லிய குச்சி அடித்தோலில் இடைவெளிகளை நிரப்பும். இரும்பு முக்கோணம் எட்டையும் விடாமல் தட்டிக்கொண்டிருக்கும்.

பழக இப்படிச் செய்யுங்கள். மெட்ரோனோமை (சீரான வேகத்தில் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 70இல் வைத்து, ஒரு தட்டுக்கு நாலு சிற்றெண்ணிக்கை என்று கொள்ளுங்கள். முதலில் காலால் மெட்ரோனோமை மட்டும் தட்டுங்கள். பிறகு வாயால் 'தகிட தகிட தக'. இரண்டாவது கால் தட்டு ஐந்தாம் எண்ணில் விழும், அங்கே வாயில் அழுத்தம் கிடையாது, நாலில் முடிந்திருக்கும். பெரும்பாலோர் தடுக்குவது இங்கேதான். நாலாம் எண்ணில் விழும் அந்த அழுத்தம் காலோடு சேரத் துடிக்கும், சேர்ந்துவிட்டால் பையாவ்ம் போய் சாதாரண மார்ச் ஆகிவிடும். 70இல் இரண்டு நிமிடம் பிசகாமல் வந்த பிறகே 100க்குப் போங்கள்.

டிரம்ஸ் வாசிப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ராக் பழக்கத்தில் ஸ்னேரை இரண்டிலும் நாலிலும் ஓங்கி அடித்தால் நடை செத்துவிடும். ஜாஸ் பழக்கத்தில் சிற்றெண்ணிக்கைகளை நீட்டிக் குறுக்கி ஆடவிட்டாலும் அப்படித்தான். இங்கே எட்டும் சமம். ஆட்டம் வருவது அழுத்தத்தால் மட்டுமே.

குழுவில் வேறு யார் யார்?

புல்லாங்குழலும் சாக்ஸபோனும் மௌரோ செனிசே. பேஸ் (தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் தந்திக் கருவி) ஜெகா அசும்ப்சாவ்ம். டிரம்ஸும் தாளக் கருவிகளும் ரொபெர்தின்யோ சில்வா, பிரேசில் பாடகர் மில்டன் நசிமெண்டோவின் இசையோடு நெருங்கிய தொடர்புடையவர், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் வெய்ன் ஷார்ட்டரின் 1975 பிரேசில் தட்டிலும் இவர்தான். ஜிஸ்மாண்டி பியானோவும் கிட்டார்களும் இன்னும் கையில் கிடைத்தவையும். அவர் பியானோவை முறையாகப் படித்தவர், பாரிஸில் இசையாசிரியர் நாடியா பூலான்ஜேயிடம் பயின்றவர். கிட்டார் பெரும்பாலும் தாமே கற்றுக்கொண்டது. அதனாலேயே கிட்டாரிலும் இரண்டு கையையும் பியானோக்காரர் போல் பிரித்து யோசிப்பார்.

'மாஜிகோ' என்று இன்னொரு ஆல்பமும் இருக்கிறதே, அது வேறா?

வேறு. இந்த ஒரு இடத்தில் தவறாக வாங்கிவிட்டு வருந்துகிறவர்கள் நிறைய.

ஜெர்மனியின் ஈ.சி.எம். நிறுவனத்துக்காக ஜிஸ்மாண்டி, அமெரிக்க பேஸ் கலைஞர் சார்லி ஹேடன், நார்வே சாக்ஸபோன் கலைஞர் யான் கார்பாரெக் மூவரும் 1979 ஜூனில் ஓஸ்லோவில் பதிந்தது 'மாஜிகோ'. அதில் 'மாஜிகோ', 'பல்யாசோ' இரண்டும் இருக்கின்றன. அதே மூவர் அதே ஆண்டு நவம்பரில் பதிந்த 'ஃபோக் சாங்ஸ்' தட்டில் 'செகோ அடெரால்டோ', 'எகிலிப்ரிஸ்தா' இரண்டும் வருகின்றன. ஆக, சர்க்கஸ் உருப்படிகளில் பாதி ஓஸ்லோவிலும் பதிவாகியிருக்கிறது.

ஓசையில் இரண்டும் எதிரெதிர். ஓஸ்லோ பதிவுகளில் டிரம்ஸே கிடையாது, ஒவ்வொரு சுரத்தையும் சுற்றி நிறைய வெட்டவெளி. கார்பாரெக்கின் சாக்ஸ் குளிர்ந்த, கூர்மையான ஓசை. 'சிர்சென்சே' நெருக்கமானது, கூட்டமானது, வியர்வை உள்ளது.

எதை முதலில் கேட்பது என்றால் 'பல்யாசோ'வை மட்டும் எடுத்து ஓஸ்லோ பதிவை முதலில், பிரேசில் பதிவை அடுத்து கேளுங்கள். மெட்டின் எலும்புக்கூடு முதலாவதில் தெளிவாகத் தெரியும். 'செகோ அடெரால்டோ'வுக்கு நேர்மாறான வரிசை நல்லது. ஷங்கரின் பதிவை முதலில் கேட்காவிட்டால், ஓஸ்லோ பதிவில் கிட்டார் எந்த ஆட்டத்தைக் கட்டிக் காக்கிறது என்பது பிடிபடாது. ஈ.சி.எம். பதிவுகள்தான் உயர்ந்தவை என்று ஐரோப்பிய ரசிகர்கள் சொல்வதுண்டு. ஓசைப்பதிவின் துல்லியத்தில் சரி. ஆனால் சர்க்கஸ் என்ற எண்ணம் அங்கே தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது.

இது ஜாஸ்தானா?

கடையில் ஜாஸ் அடுக்கில் இருக்கும். சோலோக்கள் உண்டு, அந்த இடத்திலேயே கட்டும் கற்பனை உண்டு. ஆனால் மெட்டு, தனி வாசிப்பு, மெட்டு என்ற அமெரிக்க ஜாஸ் அடுக்கு இங்கே அடிப்படை அல்ல. எழுதி வைத்த பகுதிகளே அதிகம். நாட்டுப்புறத்தையும் எழுதிய இசையையும் சேர்த்துக் கட்டிய பிரேசில் இசையமைப்பாளர் விலா-லோபோஸ் வழியில் வந்தவர் என்று ஜிஸ்மாண்டியைச் சொல்வது இன்னும் பொருத்தம்.

'பல்யாசோ'வை கீபோர்டில் வாசிக்கப் பழகுகிறேன். கேட்க நன்றாக இல்லை. எங்கே தவறு?

மெட்டு குழந்தையும் முணுமுணுக்கும் அளவுக்கு எளிது. அதனால் எல்லோரும் வலக்கையை முதலில் முடித்துவிட்டு, இடக்கையில் கார்டுகளைக் கட்டையாக வைக்கிறார்கள். இந்த உருப்படியின் உயிர் கீழே நகரும் பேஸ் வரிசையிலும், நடுவில் ஒவ்வொன்றாக இடம் மாறும் சுரங்களிலும் இருக்கிறது.

முதலில் மெட்டை வாயால் பாடிக்கொண்டே இடக்கையில் பேஸ் சுரம் மட்டும், கார்டுக்கு ஒன்று. வேறு எதுவும் வேண்டாம். இப்படி வாசித்தாலே பாதிப் பாட்டு கேட்கும். கேட்கவில்லை என்றால் ஏதோ ஒரு பேஸ் சுரம் தவறு. ஓஸ்லோ பதிவில் ஹேடன் வாசிப்பதைக் கேட்டுத் திருத்துங்கள், அவருடைய பேஸ் நிதானமானது, காதால் எழுதி எடுக்கலாம். அது உறுதியான பிறகு வலக்கையில் மெட்டைச் சேருங்கள். நடுச்சுரங்கள் கடைசி. ஒரு கார்டிலிருந்து அடுத்ததுக்குப் போகையில் இரண்டிலும் பொதுவாக உள்ள சுரத்தில் விரலை எடுக்காதீர்கள், மாற வேண்டிய சுரம் மட்டும் மாறட்டும்.

சஸ்டெய்ன் பெடலைத் தாளச் சுற்றுக்கு ஒருமுறை என்று மிதித்தால் பழைய கார்டும் புதியதும் கலங்கும். பேஸ் மாறும் ஒவ்வொரு தடவையும், புதுச் சுரம் ஒலித்த மறுகணம் எடுத்து மிதியுங்கள். வேகத்தை உருக்கத்துக்காக இழுக்காதீர்கள். இழுப்பதென்றால் சொற்றொடர் முடியும் இடத்தில் மட்டும். ஒவ்வொரு அடியிலும் தயங்கினால் கோமாளி அழுமூஞ்சி ஆகிவிடுவார்.

வயலினிலோ வீணையிலோ எடுப்பவர்கள் காந்தாரத்தில் கமகத்தை அடக்கிக்கொள்ள வேண்டும். அந்தச் சுரம் அசைந்தால் கீழே இருக்கும் கார்டோடு உரசும். வழுக்கல் போடலாம், அசைவு வேண்டாம்.

அவருடைய கிட்டாரில் எத்தனை தந்தி? ஆறு தந்தியில் வாசிக்க முடியுமா?

ஆறில் தொடங்கி, 1970களில் எட்டு தந்திக்கும் பிறகு பத்து தந்திக்கும் போனார். கூடுதல் தந்திகளால் பேஸைக் கட்டைவிரல் தனியாக நடத்தும், மேலே மற்ற விரல்கள் வேறு வேலை பார்க்கும்.

ஆறு தந்தி நைலான் கிட்டாரில் ஓரளவு நெருங்கலாம். ஆறாவது தந்தியை ஒரு முழுச் சுரம் இறக்கி 'டி'யில் வையுங்கள், நாலாவது தந்திக்கு நேர் கீழ் ஸ்தாயி, இரண்டையும் சேர்த்து மீட்டினால் அலையடிக்கக் கூடாது. இறக்கிய தந்தி சில நிமிடங்களுக்கு நிலைகொள்ளாது. அதனால் வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே இறக்கி, அங்கிருந்து ஏற்றி நிறுத்துங்கள். இறக்கியதும் மற்ற ஐந்தும் இம்மியளவு ஏறியிருக்கும், அவற்றையும் ஒருமுறை சரிபாருங்கள். பிறகு டி சுருதியில் 'தகிட தகிட தக'வைக் கட்டைவிரலால் ஆறாவது, நாலாவது தந்திகளில் மாற்றி மாற்றிச் சுழற்றிப் பழகினால், 'செகோ அடெரால்டோ' கிட்டாரின் மனநிலை கைக்கு வரும். ஸ்டீல் தந்தி கிட்டாரில் வேண்டாம், ஓசை மினுங்கும்.

இணையத்தில் தேடினால் சரியாக வருவதில்லையே?

போர்ச்சுகீசிய எழுத்துக் குறிகள்தான் காரணம். 'பல்யாசோ'வில் சி எழுத்தின் கீழே வால் உண்டு, 'மாஜிகோ'வில் முதல் உயிரெழுத்தின் மேலே கோடு உண்டு. குறியில்லாமல் தட்டினால் சில தளங்கள் கண்டுபிடிக்கும், சில கண்டுபிடிக்காது. 'பல்யாசோ' என்று மட்டும் போட்டால் வேறு பல பாடகர்களின் பாட்டுகள் குவியும், ஏனென்றால் கோமாளி அந்நாட்டுப் பாட்டுகளுக்குப் பிடித்த பொருள். கலைஞர் பெயரையும் ஆல்பம் பெயரையும் சேர்த்தே தேடுங்கள். கிடைத்ததும் எட்டு உருப்படிகளும், 'கராத்தே' முதலாவதாகவும் இருக்கிறதா என்று பாருங்கள். 'மாஜிகோ', 'பல்யாசோ' இரண்டும் 'பைலரினா'வோடு சேர்ந்து வந்தால் அது ஓஸ்லோ தட்டு.

பழைய பிரேசில் எல்.பி. வாங்கலாமா?

அட்டைக்காகவும் சேகரிப்புக்காகவும் என்றால் வாங்கலாம். கேட்பதற்கு மட்டும் என்றால் கார்மோ சி.டி. போதும்.

வெப்பமண்டலத்தில் நாற்பது ஆண்டு கிடந்த தட்டுகளில் கீறலைவிடப் பெரிய தொல்லை பூஞ்சை. விற்பவரிடம், பக்கவாட்டில் விளக்கடித்து எடுத்த படம் கேளுங்கள். சாம்பல் நிறப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை. பெரும்பாலும் கழுவினால் போகும், ஆனால் பள்ளத்தில் ஆழமாகப் பிடித்திருந்தால் 'சரசர' சத்தம் போகாமல் தங்கிவிடும். காய்ச்சி வடித்த தண்ணீர் எட்டு பங்கு, ஐசோப்ரோபைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, மெல்லிய மயிர்த்தூரிகையால் பள்ளம் ஓடும் திசையிலேயே தேய்த்து, வெறும் வடிநீரில் அலசி, நிழலில் நிறுத்திக் காயவையுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். நடுவிலுள்ள காகித லேபிளில் ஈரம் படக் கூடாது. இதே கலவையைப் பழைய 78 சுழல் அரக்குத் தட்டில் போட்டால் அரக்கு கரைந்துவிடும், அதில் ஒருபோதும் வேண்டாம். கழுவிய தட்டைப் பழைய உள்ளுறையில் திரும்பப் போட்டால் செய்ததெல்லாம் வீண், அதில்தான் பூஞ்சை வித்து இருக்கும்.

அனுப்பச் சொல்லும்போது தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் தனியாக வைத்துக் கட்டச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் குலுங்கி அட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வரும்.

'ஓ கிராண்டி சிர்கோ மிஸ்திகோ' இதுதானா?

இல்லை. அது 1983இல் வந்தது. எடு லோபோவும் சிகோ புவார்கேயும் குரிதிபா நகர பாலே குழுவுக்காக எழுதிய பாட்டுகள், மூலம் ஜோர்ஜி டி லிமாவின் ஒரு கவிதை. அதுவும் சர்க்கஸ், அருமையான தட்டு, ஆனால் வெவ்வேறு பாடகர்கள் பாடிய பாடல் தொகுப்பு. மில்டன் நசிமெண்டோ பாடிய 'பெயாத்ரிஸ்' அதில்தான் இருக்கிறது. 'சிர்கோ வோவடோர்' என்பது தட்டே அல்ல, 1982இல் ரியோவில் தொடங்கிய கச்சேரிக் கூடாரம்.

இது பிடித்துவிட்டது. அடுத்து எதைக் கேட்பது?

குழுவின் கூட்டு வாசிப்புதான் பிடித்தது என்றால் 1981இல் ஈ.சி.எம். வெளியிட்ட இரட்டைத் தட்டு 'சன்ஃபோனா'. செனிசேயும் அசும்ப்சாவ்மும் தொடர்கிறார்கள், டிரம்ஸில் மட்டும் நெனே. பியானோ என்றால் 1986இன் 'அல்மா', அதில் 'கராத்தே'யையும் 'பல்யாசோ'வையும் பியானோவை மையமாக வைத்து மறுபடி வாசித்திருக்கிறார். மூவர் கூட்டணி மேடையில் எப்படி இருந்தது என்று அறிய, 1981இல் மியூனிக்கில் பதிந்து 2012இல் வெளிவந்த 'கார்தா டி அமோர்'. அதில் 'செகோ அடெரால்டோ', 'பல்யாசோ' இரண்டும் உண்டு, ஓஸ்லோ பதிவைவிடச் சூடாக. ஷங்கருக்காக வந்தவர்கள் சக்தி குழுவின் மூன்று பழைய தட்டுகளுக்கு நேராகப் போகலாம்.